அப்கிரேடு ஊத்திக்கொண்டால்

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வேலை. இப்போது மணி 1:40. ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலர்களில் ஒன்று புது வெர்ஷனை வாங்கிக்கொண்டு ரீபூட் ஆகப் போனது, போனதுதான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, அதன் முனையில் சிமிட்டிக்கொண்டிருக்கும் கர்சர். நீங்கள் கண் சிமிட்டி ரொம்ப நேரமாகிறது. இந்தக் கையேடு உங்களுக்குத்தான்.

முதல் வேலை, எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது. கிண்டல் என்று நினைக்காதீர்கள். இதில் நான் சொல்லப்போவதிலேயே சுத்தமான தொழில்நுட்ப ஆலோசனை இதுதான். நெட்ஆப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம், என் கை பழகியது அதில். சர்வர் எழுதச் சொல்லும் எதுவும் ஒரு கன்ட்ரோலரின் பேட்டரி காக்கும் நினைவகத்தில் மட்டும் பதிந்தால் போதாது. பக்கத்துக் கன்ட்ரோலரின் நினைவகத்திலும் பதிந்த பிறகுதான் ‘ஆச்சு’ என்று பதில் போகும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது அதன் டிஸ்க்குகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஓடும். இதற்கு டேக்ஓவர் என்று பெயர். எழுந்து வந்தவரிடம் பொறுப்பைத் திருப்பித் தருவது கிவ்பேக். அப்கிரேடு நடப்பதே இந்த ஏற்பாட்டை நம்பித்தான்: ஒருவரைத் தூங்கவைத்து, புது மென்பொருளோடு எழுப்பி, பிறகு அடுத்தவர்.

ஆகவே இந்த 1:40 மணிக்கு டேட்டா எதுவும் போய்விடவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒற்றைக் காலில். அந்தக் காலையும் தட்டிவிடக்கூடிய ஆள் அந்தக் கட்டிடத்தில் ஒருவர்தான். அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டால் பாதி ஆபத்து நீங்கியது.

டீ குடிக்கப் போகாதவர்கள் என்ன செய்வார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘ரெண்டும் ஒரே வெர்ஷன்ல இருந்தா சரியாயிடும்’ என்று, ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரிலும் அப்கிரேடைத் தொடங்குவார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதையே இங்கே இரண்டு ஓணானாகச் செய்வது.

இனி கன்சோல் கேபிள். டேட்டா சென்டரில் எல்லாமும் இரண்டிரண்டு இருக்கும்: மின் இணைப்பு இரண்டு, ஸ்விட்ச் இரண்டு, ஏசி இரண்டு. கன்சோல் கேபிள் மட்டும் ஒன்று. அதுவும் விடுப்பில் ஊருக்குப் போன ஆளின் பையில். தேடிப் பிடித்துச் செருகினால் திரையில் சீன எழுத்துமில்லாத, சிந்துவெளி எழுத்துமில்லாத ஏதோ ஒன்று ஓடும். பெட்டிக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பழைய பெட்டிகள் 9600 வேகத்தில் பேசும், புதியவை 115200. நீங்கள் தப்பான வேகத்தில் காதுகொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்தச் சிறு விஷயத்தில் இருபது நிமிடம் போகும். போகட்டும், டீ ஜீரணமாகும்.

திரை தெளிந்ததும் லோடர் நிலையில் நிற்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு நல்ல நேரம். பூட் ஆகும் சாதனத்தில் எப்போதும் இரண்டு இமேஜ்கள் உண்டு, புதியது ஒன்று, நேற்றுவரை ஓடியது ஒன்று. பழையதிலிருந்து எழுந்திரு என்று சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும், பெரும்பாலும் எழுந்துவிடும். இதை வடிவமைத்தவர்கள் உங்களை முன்பே பார்த்திருக்கிறார்கள்.

அதைத் தாண்டிப் போய் கன்ட்ரோல்-சி அழுத்தினால் பூட் மெனு வரும். அதில் 1 வழக்கமான பூட். 5 பராமரிப்பு நிலை. 7 மென்பொருளைப் புதிதாக ஏற்றுவதற்கு. இவற்றுக்கு நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கிறது 4: கான்ஃபிகரேஷனைத் துடைத்து எல்லா டிஸ்க்கையும் வெறுமையாக்குவது. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவே எலிமருந்து. அது இரண்டு முறை நிஜமாகவா என்று கேட்கத்தான் செய்யும். ஆனால் விடிகாலை இரண்டரைக்கு மனிதன் எதற்கும் ‘ஒய்’ அழுத்துவான், சொத்தை எழுதித் தரச் சொன்னாலும். மெனுவைத் திறக்கும் முன் இன்னொரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். காவலுக்கு நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் என்றாலும் பரவாயில்லை.

இதற்குள் பிரிட்ஜ் காலில், அதாவது இந்தக் கோளாறுக்காகவே திறந்த கூட்டு அழைப்பில், பதினான்கு பேர் சேர்ந்திருப்பார்கள். ஒருவருக்கு வேலை தெரியும், அவர் மியூட்டில் இருப்பார். மீதிப் பேருக்கு ஒரே கேள்வி: ‘எப்ப முடியும்?’ ‘தெரியாது’ என்று உண்மை பேசாதீர்கள். பதினைந்தாவது ஆளைக் கூட்டிவருவார்கள். ‘நாற்பத்தைந்து நிமிஷத்துல அப்டேட் தர்றேன்’ என்று சொல்லுங்கள். அப்டேட் தருவதாகத்தான் சொன்னீர்கள், சரிசெய்வதாகச் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. விற்றவரின் உதவி மையம் லாக் கேட்கும். அனுப்புவீர்கள். ஷிஃப்ட் மாறும். புதிதாக வந்தவர், மிகுந்த மரியாதையோடு, லாக் கேட்பார்.

மூன்று மணி சுமாருக்கு யாராவது ஒரு மேனேஜர் அந்தச் சொல்லை எடுப்பார்: ரோல்பேக். சேஞ்ச் டிக்கெட்டில் அதற்கென ஒரு கட்டம் உண்டு, அதில் நீங்களே ‘பழைய வெர்ஷனுக்குத் திரும்புதல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது எளிதாகத்தான் இருந்தது. ஒரு கன்ட்ரோலர் மட்டும் மாறிய நிலையில் பழைய இமேஜைத் தட்டி எழுப்பலாம். இரண்டும் மாறி, டிஸ்க்கின் மேலுள்ள அமைப்புகளும் புது வெர்ஷனுக்குத் தக்கபடி திருத்தப்பட்டுவிட்டால் கதையே வேறு. அதன் பெயர் ரிவர்ட். சேவையை நிறுத்தித்தான் செய்ய வேண்டும், புது வெர்ஷனில் எடுத்த ஸ்னாப்ஷாட்களை அழித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தாலி கட்டிய பிறகு நிச்சயதார்த்தத்துக்குத் திரும்புவது மாதிரி. முடியாது என்றில்லை. மண்டபம் முழுக்கப் பேசும்.

பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலுக்கு நடந்ததைக் கேளுங்கள்: ஸ்டோரேஜ் மென்பொருளின் ஒரு புதிய அப்டேட்டில் பிழை, 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டி காலி. பல டேட்டா சென்டர்களில் பிரதி வைத்திருந்தார்கள். பிழை அந்தப் பிரதிகளையும் விடவில்லை. கடைசியில் காப்பாற்றியது டேப். இந்தத் தலைமுறை இளைஞர்கள் மியூசியத்தில் பார்க்க வேண்டியது என்று நினைக்கிற அதே டேப்தான், கம்பியோடு இணையாமல் சும்மா கிடந்ததாலேயே தப்பித்தது.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்தது இன்னும் அழகு. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய லாக் கோப்புகளை அழிக்க பேக்கப் வேலையோடு ஒரு ஸ்கிரிப்ட். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேம்படுத்திய புது ஸ்கிரிப்டை அதன் மேலேயே வைத்தார்கள். ஷெல் என்பது ஸ்கிரிப்டை ஓட ஓடப் படிக்கிற பிராணி. பாதி பழையது, மீதி புதியது என்று படித்தது. எந்த இடத்தில் அழிக்க வேண்டும் என்று சொல்லும் மாறி வெறுமையாகிவிட்டது. ஏறத்தாழ 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். பேக்கப் எடுக்க வந்த கையே துடைத்துவிட்டது. பெட்டியை விற்ற நிறுவனம் தவறு முழுக்கத் தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்தது. நமக்கு வாய்க்கிற கடிதங்களில் அந்த வாக்கியம் வருவதில்லை.

இவ்வளவு வம்பு எதற்கு, அப்கிரேடே வேண்டாம் என்று விட்டுவிடலாமே? நானும் அந்தக் கட்சியில் சில வருடம் இருந்தேன். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது: சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நிரந்தரமாகப் படுத்துவிடும், ஃபர்ம்வேரை மாற்றிவிடுங்கள் என்று. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மின்சாரம் கொடுத்த டிஸ்க்குகள் ஒரே முகூர்த்தத்தில் போகும். பெட்டிக்குள் எத்தனை உபரி டிஸ்க் வைத்தும் பயனில்லை. கட்சி மாறினேன்.

விடிந்துவிட்டது. பழைய இமேஜில் கன்ட்ரோலர் எழுந்து நிற்கிறது. இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள்: வந்த சந்தோஷத்தில் உடனே அடுத்ததைத் தொடுவது. கிவ்பேக் முடிந்தபின் குறைந்தது எட்டு நிமிடம் காத்திரு என்று நெட்ஆப்பின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது, சர்வர்கள் தங்கள் பாதைகளைத் திரும்பக் கண்டுபிடிக்க. அந்த எட்டு நிமிடம் எனக்குத் தெரிந்து உலகிலேயே நீளமான எட்டு நிமிடம். இன்னொரு டீ குடிக்கலாம்.

அப்புறம் ஆர்சிஏ, அதாவது எதனால் இப்படி ஆனது என்ற அறிக்கை, எழுத வேண்டும். அப்கிரேடுக்கு முன் ஓட்டிய பரிசோதனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எல்லாம் பச்சை, நடுவே ஒரே ஒரு மஞ்சள். பத்து மணிக்கு அதைப் பார்த்தீர்கள், ‘வார்னிங்தானே’ என்றீர்கள். அதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சனிக்கிழமைக்கான சேஞ்ச் டிக்கெட் வந்து விழும். ரோல்பேக் கட்டத்தில் ‘பழைய வெர்ஷனுக்குத் திரும்புதல்’ என்று போன வாரத்து வரி அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். அப்ரூவ் செய்துவிட்டு, கன்சோல் கேபிளை யாருக்கும் தெரியாமல் உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.