மொட்டை எலுமிச்சைகள்

தென் இத்தாலியில் சொரெந்தோ, அமால்ஃபி, காப்ரி ஆகிய மூன்று ஊர்களுக்கும் தீராத ஒரு வழக்கு: லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை மது முதலில் பிறந்தது யார் வீட்டில்? சாட்சியாக எல்லோரும் கூப்பிடுவது ஒரு பாட்டியைத்தான். காப்ரியைச் சேர்ந்த மாஸிமோ கனாலே மட்டும் பாட்டியோடு நிற்காமல், 1988இல் அந்தப் பெயரை வணிகமுத்திரையாகவே பதிந்துவிட்டார்.

செய்முறை ஒரு தபால் அட்டையில் அடங்கும். எலுமிச்சைத் தோல், சர்க்கரை, தண்ணீர், 95 சதவீதத்துக்கும் குறையாத சுத்த ஆல்கஹால். இத்தாலியில் அந்தக் கடைசிப் பொருள் பல்பொருள் அங்காடியிலேயே கிடைக்கும்.

பாடெல்லாம் தோல் சீவுவதில்தான். மணம் கொடுக்கும் எண்ணெய் மஞ்சள் தோலில் மட்டுமே இருக்கிறது. அடியிலிருக்கும் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் ஜாடி முழுக்கக் கசக்கும். எனவே அவசரக்கார உறவினர் யாராவது உதவிக்கு வந்தால், சர்க்கரையை அளக்கச் சொல்லி அனுப்பிவிடுவது உத்தமம்.

எத்தனை நாள் ஊற வேண்டும்? ஒரு வீட்டில் ஒரு வாரம், எதிர் வீட்டில் ஒரு மாதம். மண்டலக் கணக்கில் காத்திருக்கும் பக்தர்களும் உண்டு. தோலோ முதல் சில நாட்களிலேயே தன் சரக்கில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, வெளிறி, வற்றல் மாதிரி ஒடியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஜாடியைக் குலுக்கிப் பார்க்கும் வைபவம்.

இதற்கிடையே, தோல் போன பத்துப் பன்னிரண்டு பழங்கள் மொட்டைத் தலையோடு மேசையில் உட்கார்ந்திருக்கும். விட்டால் காய்ந்துவிடும். அந்த வாரம் வீட்டில் மீன், சாலட், கீரை எதுவும் எலுமிச்சைச் சாற்றிடமிருந்து தப்பாது.

ஆறிய சர்க்கரைப் பாகை ஊற்றியதும் தெளிந்த மஞ்சள் திடீரென்று கலங்கும். புதிதாகச் செய்பவருக்கு வயிற்றைக் கலக்கும் கட்டம் இது. கெட்டுப்போகவில்லை, தண்ணீர் கூடி ஆல்கஹாலின் வீரியம் குறைந்ததால், கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

உறைபெட்டியில் குளிரவைத்து, சாப்பாட்டுக்குப் பின் சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். இனிப்பும் குளிரும் சேர்ந்து, உள்ளே 30 சதவீதம் ஆல்கஹால் இருப்பதை மறைத்துவிடும். 2006இல் ஹாலிவுட் நடிகர் டேனி டெவிட்டோ, முந்தின இரவை ஜார்ஜ் குளூனியோடு கழித்துவிட்டு, தள்ளாடியபடியே ஒரு தொலைக்காட்சி நேரலையில் வந்து உட்கார்ந்தார். கவிழ்த்தது கடைசி ஏழு லிமோன்செல்லோ என்று அவரே காரணம் சொன்னார். கடைசி ஏழு என்றால் அதற்கு முந்தியவை தனிக் கணக்கு போலிருக்கிறது. மறு ஆண்டே தன் பெயரில் லிமோன்செல்லோ விற்க ஆரம்பித்துவிட்டார் மனிதர்.