பேருதான் கட்டை

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. தோள்ல என்ன அது? தலைக்குக் குல்லா போட்ட தடியா? மார்கழிக் கூதல்ல கைப்புள்ளைக்குக்கூட இப்படி மூட மாட்டாங்க. கழட்டு, பாக்கலாம்.

அட, கோல்ஃப் மட்டை. எனக்குத் தெரியாதுன்னு பாத்தியா? என்ற பேரன் கலிபோர்னியாவுல கார்ல்ஸ்பாடு பக்கத்துலதான் குடியிருக்கறான். ஆறு மாசம் அங்க கெடந்துட்டு வந்தவன் நானு. காலவே, டெய்லர்மேடுன்னு மட்டைக் கம்பெனி ரெண்டும் அந்த ஒரே ஊர்லதான். திருப்பூருக்குப் பனியன்னா அந்த ஊருக்கு மட்டை. பேரன் ஆபீசுக்குக் கெளம்பிட்டா எனக்கு என்ன சோலி? மட்டைக் கடையில போயி நின்னுக்குவேன். முப்பது வருசம் பவுண்டரியில உருக்கு ஊத்துனவன் கண்ணு, வார்ப்பைக் கண்டா கை சும்மா இருக்காது.

இதுக்குப் பேரு என்ன சொன்ன? 'உட்'டா? கட்டை! ஒரு சிராய் மரமாவது இதுல இருக்குதா? முகம் டைட்டானியம், உச்சி கார்பன், பொச்சுல டங்ஸ்டன், இதையெல்லாம் புடிச்சு வெச்சிருக்கறது பசை. பேரு மட்டும் கட்டை. போச்சாது போ, நம்மூர்ல பொன்னம்மான்னு பேரு வெச்சவ காதுல ஒரு குண்டுமணி பொன்னு இருந்துச்சா?

கடைக்காரப் பையன் என்னையப் பாத்து ஒரு தினுசாச் சிரிச்சுட்டு, "தாத்தா, இது மல்டி மெட்டீரியல்"ன்னான். ஏழு சாமி ஒண்ணா எறங்குன மாதிரி சொன்னான். நான் கேக்கறேன், உங்கூட்டுக் கருக்கருவா என்ன கண்ணு? ஒடம்பு பச்சிரும்பு, வாயில மட்டும் உருக்கு, புடி மரம், புடி பொளக்காம இருக்கப் பித்தளைப் பூண். ஒரு அருவாளுல நாலு சமாச்சாரம். அதுக்கு எந்த ஆசாரியாவது மேடை போட்டு வெளக்கடிச்சானா?

வெள்ளைக்காரனுக்கே இது புதுசில்ல. இருநூறு வருசத்துக்கு முன்னால ஸ்காட்லாந்துல செயிண்ட் ஆண்ட்ரூஸ்ல ஹியூ பில்ப்ன்னு ஒரு தச்சன். அந்தக் காலத்து மட்டையில தலை மரம், பின்னால குழி தோண்டி ஈயம் ஊத்துவாங்க. தரையில ஒரசுற வாய்க்குக் கெடாக் கொம்பை அறுத்து ஆப்பு வெச்சு அடிப்பாங்க. காம்பையும் தலையையும் சீவி ஒட்டி மேல நூல் சுத்துவாங்க. மரம், ஈயம், கொம்பு, நூலு, பசை. எண்ணிக்கோ. அஞ்சு.

அப்பறம் பெர்சிமன் மரம் வந்துச்சு. இப்ப ஆளாளுக்குக் கழுத்துல கருங்காலி மாலை போட்டுட்டுத் திரியறீங்களே, அந்தக் கருங்காலிக்கும் பீடி எலை மரத்துக்கும் பங்காளி மரம் அது. அதுலயும் அடியில பித்தளைத் தகடு, முகத்துல ஒரு வில்லை. 1993ல ஜெர்மனிக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் மாஸ்டர்ஸ் போட்டியில ஜெயிச்சாரே, கையில இருந்தது இந்த மரத்தலைதான். இத்தனைக்கும் அப்ப உருக்குத்தலை வந்து பதினாலு வருசம். 1979ல கேரி ஆடம்ஸ்ங்கறவர் ஊட்டு மேல 24,000 டாலர் கடன் வாங்கி உருக்குல தலை வார்த்தாரு. அதுக்கு வெச்ச பேரு 'பிட்ஸ்பர்க் பெர்சிமன்'. பிட்ஸ்பர்க் இரும்பு உருக்கற ஊரு. இரும்பூரு மரமாம்! அந்த மனுசன் குசும்புக்காரர், எனக்குப் புடிச்சுது.

காலவே கதை இன்னும் தமாசு. ஈலி காலவேங்கறவர் மொதல்ல துணி மில்லுத் தொழில்ல பெரிய ஆளு, அப்பறம் திராட்சத் தோட்டம் போட்டு ஒயின் வித்தாரு, அப்பறந்தான் மட்டைக்கு வந்தாரு. 1991ல 190 சிசியில உருக்குத் தலை பண்ணி, மொத உலகச் சண்டையில ஜெர்மன்காரன் வெச்சிருந்த பீரங்கியோட பேரை அதுக்கு வெச்சாரு, பிக் பெர்த்தான்னு. பந்து 46 கிராம். அதை அடிக்கப் பீரங்கி! நாலு வருசம் கழிச்சு டைட்டானியத்துல 250 சிசி. இப்ப 460. அதுக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க.

460 சிசின்னா எத்தன? அரை லிட்டர் பால் பாக்கெட்டுல 40 மில்லி கொறைச்சுக்கோ. எடை எத்தன? 200 கிராம். அதுக்கு மேல போனா வீச முடியாது. இதுலதான் சூட்சுமம் இருக்குது, கவனமாக் கேளு. பால் பாக்கெட்டு அளவு டப்பா, எடை கால் கிலோவுக்கும் கம்மி. அப்ப என்ன ஆகும்? தண்ணியில மெதக்கும்! பேரன் ஊட்டுல குளிக்கற தொட்டியில அவன் மட்டையை முக்கிப் பாத்தேன். மூக்கை மேல நீட்டிட்டு வாத்து மாதிரி மெதந்துச்சு. பேரன் வந்து ஒரே கூப்பாடு. ஏரியில வுழுந்தா எடுக்கறதுக்கு இது நல்லதுதானேன்னேன். ராத்திரிச் சோத்துக்கு வரைக்கும் பேசல.

இந்த 200 கிராம்தான் மொத்தக் கையிருப்பு. பத்துப் பைசா எச்சாத் தர மாட்டான். அதை எங்க எங்க வெக்கறதுங்கறதுதான் எல்லா எஞ்சினியரோட பொழப்பும். இரும்பு தண்ணியை விட 7.8 மடங்கு கனம். டைட்டானியம் 4.5. கார்பன் தகடு ஒண்ணரை சொச்சம். டங்ஸ்டன் 19, ஈயத்தையே தூக்கிச் சாப்புடும். உச்சி மண்டையில வேலை ஒண்ணுமில்ல, சும்மா மூடி. அங்க கார்பனைப் போடு. மிச்சமாவறது பத்துப் பதினஞ்சு கிராம்தான். அந்த மிச்சத்தை டங்ஸ்டனா மாத்திப் பின்னால, கீழால வெய்யி.

எதுக்குப் பின்னால? பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுத்துட்டுப் போறவனைப் பாத்திருப்ப. தண்டுக்கு ரெண்டு முனையிலயும் செம்பு. கூட்டத்துல எவனாவது ஒரு முனையை இடிச்சாலும் லேசுல திரும்ப மாட்டான். அதே செம்பு ரெண்டையும் மார்போட கட்டிட்டுப் போகச் சொல்லு, ஒரு இடிக்குச் சுத்திருவான். எடை அதேதான், இருக்கற எடம் வேற. நடுவுல இருந்து ரெண்டு மடங்கு எட்டத்துல வெச்சா நாலு மடங்கு பலன். நீ பந்தை நடுவுல அடிக்காம ஓரத்துல அடிக்கற பாரு, அப்ப தலை திரும்பும், பந்து புதருக்குப் போவும். எடை எட்டத்துல இருந்தா தலை கொஞ்சமாத் திரும்பும், பந்து புதருக்குப் பக்கத்துல போவும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். இவங்க அவளுக்குத் தக்கன கூடத்தையே வளைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க.

நான் கேலி பண்றேன்னு நெனைக்காத. நெசமாவே நல்ல வேலை அது. அரிசோனாவுல இருக்கற பிங் கம்பெனியை ஆரம்பிச்ச கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு காலத்துல செருப்புத் தச்சவர், அப்பறம் எஞ்சினியர். எடையை ஓரத்துக்குத் தள்ளுன்னு மட்டை உலகத்துக்கே பாடம் எடுத்த மனுசன். தொழில் தெரிஞ்சவன் எவனா இருந்தாலும் கும்புட வேண்டியதுதான்.

பவுசுதான் எனக்கு ஒத்துக்கல. திரும்புறதுக்கு எதுப்புக் காட்டற அந்தக் கணக்குக்கு 5,900தான் உச்சவரம்பு. சட்டம் அப்படி. ஆனா 2024ல வந்த மட்டையில '10கே'ன்னு போட்டுருக்கறான். பத்தாயிரம்! எப்படிடா வந்துச்சுன்னா, பக்கவாட்டுல திரும்பறதுக்கு ஒரு கணக்கு, மேல கீழ சாயறதுக்கு ஒரு கணக்கு, ரெண்டையும் கூட்டிட்டானுங்க. பொண்ணு பாக்கப் போற எடத்துல பையன் சம்பளத்தையும் அவங்கப்பன் பென்சனையும் கூட்டிச் சொல்ற தரகன் புத்தி. பந்து துள்ளுறதுக்கும் வரம்பு உண்டு, 0.83. அதைத் தாண்டுனா போட்டியில எடுத்துக்க மாட்டாங்க. அளவுக்கு வேலி, துள்ளலுக்கு வேலி, திரும்பலுக்கு வேலி. வேலிக்குள்ள வருசா வருசம் புது மாடு, புது மணி.

சத்தத்துல ஒருக்கா நல்லா வாங்கிக் கட்டுனாங்க. 2002ல முழுக் கார்பன்ல ஒரு தலை வந்துச்சு. அடிச்சா தலகாணியில குத்துன மாதிரி 'தொப்'. ஆட்டக்காரனுக்கு மனசு வரல. 2007ல சதுரத் தலை வந்துச்சு, அது தகர டப்பா மாதிரி அலறுச்சு. இப்ப உள்ளுக்குள்ள சின்னச் சின்ன வரப்பு வெச்சு சத்தத்துக்குச் சுருதி கூட்டறாங்க. பந்து முகத்துல ஒட்டியிருக்கறது ஒரு நொடியில ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரம். அதுக்குப் பக்கவாத்தியம்.

ஆனா நான் பாத்த வரைக்கும் இதுல கஷ்டமான வேலை பொருள் இல்ல கண்ணு, மூட்டு. ஒண்ணோடொண்ணு சேராததைச் சேக்கறது. நம்மூரு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டதை நீ பாத்திருக்க மாட்ட. வேல மரத்து வட்டை, ஆரக்கால், குடம். வட்டையோட சுத்தளவை விட இரும்புப் பட்டா கொஞ்சம் சின்னதா இருக்கும். பட்டாவைத் தரையில போட்டு வறட்டி அடுக்கித் தீ வெப்பாங்க. செவந்து விரிஞ்சதும் நாலு பேரு கொறட்டுல தூக்கிட்டு வந்து சக்கரத்து மேல எறக்குவாங்க. மரம் பத்திக்கும். பொகை கண்ணைக் கரிக்கும். ஒருத்தன் சம்மட்டியில தட்டுவான், இன்னொருத்தன் கொடத்துத் தண்ணியை ஊத்துவான். 'கிறீச்'சுன்னு ஒரு முனகல். ஆரக்கால் அத்தனையும் குடத்துக்குள்ள போயி இறுகிக்கும். பசையுமில்ல, ஆணியுமில்ல. இருவது வருசம் ஓடும்.

டைட்டானியத்தையும் கார்பனையும் பத்த வெக்க முடியாது. டைட்டானியம் ஓரத்துல படி மாதிரி ஒரு விளிம்பு விட்டு, சொரசொரப்பு ஏத்தி, பசை தடவி, கார்பன் மூடியை உக்கார வெக்கறாங்க. அந்த மூட்டு ஆயிரமாயிரம் அடி தாங்கணும், கார் டிக்கியில வெயில்ல வேகணும், பனியில நனையணும். ரெண்டும் ஒரே மாதிரி விரியாது பாரு. கார்பனை அலுமினியத்தோட நேரா ஒட்டிட்டா இன்னொரு வம்பு, ஈரம் பட்டா அலுமினியம் அரிச்சுப் போவும். நடுவுல கண்ணாடி நார் ஒரு பூச்சு குடுக்கணும். எனக்கு இது சுளுவாப் புரிஞ்சுது. எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல ஒரு ஒயர்மேன் செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் நேரா முறுக்கி வெச்சுட்டுப் போனான். ரெண்டு மழை தாங்குச்சு. மூணாவது மழையில கருகி, மோட்டாரும் போயி, ஒரு போகம் கடலையும் போச்சு.

2022ல முகத்தையே கார்பன்ல பண்ணிட்டான். அறுபது அடுக்கு, எடை 26 கிராம். வேலைப்பாடு சுத்தம், ஒத்துக்கறேன். பேரு வெச்சான் பாரு, 'கார்பன்வுட்'! மரத்தை விட்டாலும் மரம் இவங்களை விடல. அதுக்கு முன்னால 2019ல ஒரு கம்பெனி முகத்தைக் கம்ப்யூட்டர் கிட்டக் குடுத்து, அது 15,000 தினுசு போட்டுப் பாத்துச்சாம். இதையெல்லாம் வெளம்பரம் பண்றது யாரு? உலக சாம்பியன். அவன் நூத்துக்கு முக்காலே மூணுவீசம் நடுவுலயே அடிக்கறவன். ஓரத்துல அடிக்கறவன் நீ. சீக்கு உனக்கு, மருந்து குடிச்சுக் காட்டறவன் அவனா?

சரி, மறைக்காமச் சொல்லு. எத்தன குடுத்த? 600 டாலரா. நேத்து எத்தன பந்து தொலைச்ச? பதினொண்ணு. பழைய மட்டையில எத்தன தொலைப்ப? பன்னெண்டு.

அட போடா. ஒரு பந்து மிச்சம்.

அந்தப் பழசை என்ன பண்ணியிருக்கற? வண்டியிலயே கெடக்குதா? எடுத்துட்டு வந்து இங்க வெச்சுட்டுப் போ கண்ணு. பொடக்காளியில முருங்கைக்கா கைக்கு எட்டல, 45 அங்குலம் பத்தும்.