காசில்லாம மனை விக்கப் போற பேராண்டிக்கு

இஞ்ச வாடா பேராண்டி, திண்ணையில ஒக்காரு. கைக்காசு பத்து பைசா போடாம நிலத்துல லட்சக்கணக்குல பாக்கலாம்னு எவனோ வெள்ளக்காரன் போன்ல சொன்னானாம். அதை நீ நெடுங்காட்டுலேர்ந்து திருநள்ளாறு வரைக்கும் சொல்லிகிட்டுத் திரியிறியாம். ஒங்கம்மா வந்து, "பெரியப்பா, நீங்களாவது புத்தி சொல்லுங்க"ன்னு மூக்கச் சிந்திட்டுப் போனா. ஏன் அழுவுறே, புள்ள முன்னேறப் போறான், சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

வெள்ளக்காரன் சொன்னது என்ன? விக்கிறவன்கிட்ட கொஞ்சூண்டு அட்வான்ஸ் குடுத்து ஒரு ஒப்பந்தம் போடணும். கெடு முடியறதுக்குள்ள மேல வச்சு இன்னொருத்தன் தலையில அந்த ஒப்பந்தத்தக் கட்டணும். நடுவுல நிக்கிற பணம் ஒனக்கு. அவ்வளவுதானே? இதக் கத்துக்க அமெரிக்கா வரைக்கும் போவணுமா? பத்திர எழுத்தர் வாசல்ல நான் எடுபிடியா நின்ன காலத்துலேயே அக்ரிமென்ட் போட்டு மாத்தி விடுறவனுங்க அங்க வெத்தல மென்னுகிட்டு ஒக்காந்திருப்பானுங்க. இன்னொன்னு கேளு. இல்லினாய்ஸ்னு ஒரு மாகாணத்துல 2019-லேர்ந்து வருஷத்துக்கு ஒன்னுக்கு மேல இப்படி மாத்திவிட்டா லைசென்ஸ் வேணுமாம். அதையும் சொன்னானா ஒன் வாத்தியாரு? சொல்லியிருக்க மாட்டான்.

போவட்டும். ஒனக்கு அளவு தெரியுமா? குழின்னா எவ்வளவு? பாத்தியா, முழிக்கிறே. புதுச்சேரிக்காரனுக்குக் குழின்னா 576 சதுர அடி. நம்ம டெல்டாவுல 144. நம்ம கணக்குல நூறு குழி ஒரு மா, இருவது மா ஒரு வேலி. பாண்டிச்சேரிப் பார்ட்டிகிட்ட நம்ம குழி விலையச் சொன்னீன்னு வை, அவன் மனசுல நாலு பங்கு நிலம் விரியும். இவ்வளவு மலிவான்னு காரு வச்சுகிட்டு ஓடியாருவான். வரப்புல கால வச்சதும் வந்த காருலேயே திரும்பிடுவான். அட்வான்ஸ் குடுத்த நீ மட்டும் வரப்புலேயே நிப்ப. பத்திரத்த எடுத்தா அதுல குழியும் இருக்காது, மாவும் இருக்காது. ஹெக்டேர், ஆர், சென்டியார்னு பிரெஞ்சுக்காரன் அளந்து வச்சது. ஒரு ஆர் நூறு சதுர மீட்டர், ரெண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. நம்ம மா ஒன்னு 13 ஆர் 38 சென்டியார் வரும். இத மனப்பாடம் பண்ணு, சினிமாப் பாட்டு தானா மறந்துடும்.

பழைய பத்திரம் ஒன்ன உள்ள வச்சிருக்கேன், அப்புறம் காட்டுறேன். 1954-ல பிரெஞ்சுக்காரன் போறதுக்கு முந்தி நொத்தேர், அதான் அவங்க பத்திர அதிகாரி, எழுதுனது. தாளு நல்ல கெட்டி, மை பழுத்துப் பழுப்பா போயிருக்கும். நம்ம ராமசாமிக்கு ரெண்டு எஸ் போட்டிருப்பான். சுப்புராயன்ல உ வர்ற எடத்துல ஓவையும் யூவையும் சேத்து எழுதியிருப்பான். இன்னிக்குப் பேரனோட ஆதார்ல அந்தப் பேரு வேற மாதிரி இருக்கும். ரெண்டும் ஒரே ஆளுதான்னு நிரூபிக்கிறதுக்குள்ள ஒன் கெடு முடிஞ்சு போவும். சர்வே நம்பர்லயும் பழைய கடாஸ்தர் நம்பர் ஒன்னு, மறு சர்வே நம்பர் ஒன்னு இருக்கும். ரெண்டும் ஒத்து வராத பத்திரத்த நீ தொடாதே. அதுக்குன்னே வக்கீலுங்க இருக்காங்க, அவங்க பொழப்புல ஏன் மண்ணப் போடுறே?

விக்கிற ஆளு எங்க கிடைப்பான்னுதானே கேக்குறே? வீடியோவுல போஸ்டர் ஒட்டச் சொல்லியிருப்பான். காரைக்கால்ல போஸ்டரப் பாத்து எவன்டா நிலம் விக்கிறான்? நீ சாவு வீட்டுக்குப் போ. மூஞ்சிய ஏன் சுளிக்கிறே? எழவு விழுந்த அன்னிக்கு வாயத் தொறக்காம நாற்காலி எடுத்துப் போடு. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூப்பிடாமலேயே போ. பந்தி எங்க ரெண்டா பிரியுதோ அங்க பங்கும் பிரியப் போவுதுன்னு அர்த்தம். பாரிஸ்லேர்ந்து வந்த மூத்தவன் எத்தனை நாள் லீவுல வந்திருக்கான்னு மட்டும் மெதுவா கேட்டுக்க. அப்படியே அந்த வீட்டுப் பொண்ணுங்க எத்தனை பேரு, எந்தெந்த ஊருல கட்டிக் குடுத்திருக்குன்னும் தெரிஞ்சுக்க. உயில் எழுதாம அப்பன் போயிட்டா மவளுக்கும் மவனுக்கும் சமபங்கு. சாந்தமா தயிர்சாதம் பரிமாறிகிட்டு நிக்கிற தங்கச்சியோட கையெழுத்து இல்லேன்னா, அண்ணங்காரன் தலைகீழா நின்னாலும் கிரயம் நிக்காது.

இதுல நம்ம மண்ணுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. சைகோனுக்கு வேலைக்குப் போனவன், பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து பென்ஷன் வாங்குனவன் குடும்பமெல்லாம் இஞ்ச உண்டு. அதுல சில குடும்பம் 1881 சட்டப்படி நம்ம வழக்கத்த விட்டுட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குப் போனது. ரெனோன்சான்னு சொல்லுவாங்க. அப்பா ஒரு புள்ளைக்கே உயில் எழுதிட்டாருன்னு நீ நம்பி அட்வான்ஸ் குடுப்ப. மத்த புள்ளைங்களுக்கு அந்தச் சட்டம் பங்கு ஒதுக்கி வச்சிருக்கும். உயில் அதத் தாண்டிப் போவ முடியாது.

விக்கிறவரு பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருந்தா இன்னும் கூத்து. பாட்டன் வழி வந்த வயல அவரு விக்கலாம், ஆனா இந்தியாவுல குடியிருக்கிற இந்தியக் குடிமகனுக்குத்தான். பாரிஸ்ல உள்ள மச்சானுக்கே மாத்திவிடலாம்னு நீ போட்ட கணக்கு அதுல போச்சு. அம்பது லட்சத்துக்கு மேல இருந்தாதான் வரி பிடிக்கணும்கிற சலுகை, விக்கிறவரு இஞ்ச இருந்தாதான். அவரு வெளிநாட்டுல இருந்தா எந்த வரம்பும் கிடையாது, வாங்குறவன்தான் பிடிச்சுக் கட்டணும். ஒன் பார்ட்டிகிட்ட இத முன்னாடியே சொல்லு. கிரயத்தன்னிக்குச் சொன்னா செருப்பத் தேடுவான். அவரு அங்கேர்ந்து பவர் அனுப்புனா, காயிதம் இந்தியா வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிப்புடணும்.

பவர்னதும் கண்ணு மின்னுதே! பவரும் அக்ரிமென்ட்டும் வாங்கிட்டா நெலம் நமக்குத்தான்னு நெனச்சவன் பட்டியல் பெருசு. அதெல்லாம் கிரயம் ஆவாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிடுச்சு. வெறும் பவர்னா, எழுதிக் குடுத்தவரு மூச்சு நின்ன அன்னிக்கே அதுவும் நின்னுடும். அவரு ஒடம்புக்கு முடியாம கெடந்தா, ஒன்னோட அவசரத்துல டாக்டர் வந்துட்டாரான்னு அவரு பொண்டாட்டிய விட நீதான் அதிகம் விசாரிப்ப.

அக்ரிமென்ட்டும் அப்படித்தான். சொத்து மாற்றச் சட்டம் 54-ஆம் பிரிவுப்படி அந்தக் காயிதத்தால நிலத்துல ஒனக்கு ஒரு உரிமையும் வராது. ஒங்கிட்ட இருக்கிறது ஒரு கெடு, அவ்வளவுதான். அதுலயும் "தங்களுக்கோ தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் செய்துகொடுக்கச் சம்மதிக்கிறேன்"னு ஒரு வரி இருக்கணும். இந்த ஒத்த வரியிலதான்டா ஒன் வியாபாரம் தொங்குது. அத எழுதுறப்போ விக்கிற பெரியவரு கண்ணாடி போட்டிருக்காரான்னு பாத்துக்க, போடலேன்னா நீயே படிச்சுக் காட்டு. மேல வச்சு விக்கப் போறேன், எனக்கு லாபம் வரும், ஒங்களுக்குச் சொன்ன தொகை வரும்னு சொல்லிடு. சொன்னா விக்க மாட்டேம்பாரா? நாலு பேரு மாட்டேம்பான், அஞ்சாவது ஆளு சரிம்பாரு. சொல்லாம பண்ணினா அஞ்சு பேரும் விப்பான். ஆனா கிரயத்தன்னிக்குப் பத்திரத்துல ஏறுற தொகையப் பாத்துட்டு பதிவு ஆபீஸ் வாசல்லேயே ஒன் சட்டையப் பிடிப்பான். இஸ்திரி போட்ட சட்டை வேற.

ரொக்கத்துல இருவதாயிரமோ அதுக்கு மேலயோ அட்வான்ஸ் கை மாத்தாதே. வாங்குனவனுக்கு வாங்குன தொகையே அபராதம். செக்கா குடு. ஒப்பந்தத்தப் பதிவு பண்ணிட்டா வில்லங்கச் சான்றுல ஏறிடும், ஒனக்குப் பின்னால அதே நிலத்துக்கு அட்வான்ஸ் குடுக்க வர்றவன் கண்ணுல படும். பதிவு செலவு யாருதுன்னு கேக்காதே, ஒன்னுதான். வயல மனையா பிரிக்கிற ஆசை வந்தா நகர அமைப்புக் குழும அனுமதி வேணும். 500 சதுர மீட்டருக்கு மேல போனா ரெரான்னு சொல்ற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு வேணும். அந்த மனைய வித்துக் குடுக்கிற ஏஜெண்டும் பதிவு பண்ணியிருக்கணும், இல்லேன்னா ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அபராதம். கடற்கரையோரம் பீச் மனைன்னு எவனாவது கூப்பிட்டா, கடலோர மண்டலக் கோடு எங்க போவுதுன்னு கேளு. அதுக்கப்புறம் அவன் கூப்பிட மாட்டான்.

கோயில் நிலம்? அந்தப் பேச்சே வேண்டாம். கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்துக்குப் போலிக் காயிதம் தயாரிச்ச வழக்கு 2024-ல கைது வரைக்கும் போச்சு. சிவன் சொத்து குல நாசம்னு பாட்டி சொன்னா சிரிச்சீங்க, இப்ப போலீஸ் சொல்லுது. சனீஸ்வரன் பார்வையில குடியிருந்துகிட்டு அப்படி ஒரு தைரியம் வர்றதுன்னா சாமானியம் இல்லதான்.

சரி, வந்த விஷயத்துக்கு வா. அரசலாத்தங்கரையில நான் வச்சிருக்கிற ரெண்டு மா என்ன விலை போவும்னு நேத்து டீக்கடையில விசாரிச்சியாமே? நீ டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கடைக்காரன் எனக்குப் போன் போட்டுட்டான். குடுக்கிறேன்டா, ஒனக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன்? அட்வான்ஸ் ஒரு லட்சம், செக்குல. கெடு அறுவது நாள், தப்புனா அட்வான்ஸ் திரும்பாது. "குறிப்பிடும் நபருக்கோ"ன்னு எழுதிக்க, மேல வர்றதுல பாதி எனக்கு. ஒரே ஒரு சின்ன சங்கதி. பட்டா என் பேருல இருக்கு, மூலப் பத்திரம் எங்கப்பா பேருல இருக்கு. என் தங்கச்சிங்க மூணு பேரும் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரு பக்கத்துலதான், கோட்டுச்சேரியில. மூணாவது எங்கூட பேசுறதில்ல, போனும் எடுக்க மாட்டா, நேருலதான் போயி கால்ல விழணும். பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கியா? அவ துலூஸ்ல இருக்கா. டிக்கெட் ஒன் செலவு.