மாடி போர்ஷன்காரனின் மூச்சு

மந்தைவெளியில் மாடி போர்ஷன் வைத்திருப்பவனுக்குக் குடித்தனம் தேடி அலைகிற கஷ்டம் கிடையாது. நாலு தெரு தள்ளி ராமகிருஷ்ணா நகரில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இருக்கிறது. யோக ஆசிரியர் தேசிகாச்சார் தன் தகப்பனார் பெயரில் 1976இல் தொடங்கியது. எந்தெந்த தேசத்திலிருந்தோ ஆளுக்கொரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கட்டடம் ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

ஒரு மார்கழியில் வந்தவர் ப்யூனஸ் ஐரிஸ் பெண்மணி. வீடு வந்து சேர நடுநிசி. சுற்றுலா விசாவிலேயே குறுகிய கால யோகப் பயிற்சிக்கு இடமுண்டு என்பதால் அவருக்குக் கவலையில்லை. கவலை எனக்குத்தான். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது அதற்கு 'சி' படிவம் என்று பெயர். நான் கம்ப்யூட்டர் முன் குனிந்து பாஸ்போர்ட் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க, பாதி பூமியைத் தாண்டி வந்தவர் கூடத்துத் தரையில் கால் மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும் "அம்மாடி" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன் நான்.

விடிகாலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையை ஆரம்பித்தது. பாவம், பயந்துபோயிருப்பார் என்று மனைவி காபியைக் கொடுத்து என்னை மாடிக்கு அனுப்பினாள். அவர் ஊரில் அப்போது இரவு எட்டு மணி. பளிச்சென்று விழித்திருந்தார். படியேறி வந்து மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து, "சார், நீங்கள் தினமும் எத்தனை மணிக்குப் பயிற்சி செய்வீர்கள்?" என்றார். எனக்கு மூச்சிரைத்ததைப் பிராணாயாமம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"குளிர்காலத்தில் நிறுத்திவைப்பது வழக்கம்" என்றேன். வெளியே 23 டிகிரி.

மத்தியானம் தரையில் இலை போடச் சொல்லிக் கேட்டார். விருந்தாளி கீழே உட்கார, வீட்டுக்காரன் டைனிங் டேபிளில் சாப்பிட முடியுமா? எங்கள் வீட்டில் தரையில் உட்காருவது வருஷத்துக்கு ஒருமுறை, திவசத்தன்று. அன்றைக்கும் சாஸ்திரிகள் என் முட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு ஸ்டூல் அனுமதிப்பார்.

சாம்பார் சாதத்தோடு கதை ஆரம்பமானது. ரீகாவில் பிறந்த இந்திரா தேவி 1937இல் மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்கப் போனது, வெளிநாட்டுக்காரி, அதிலும் பெண் என்று அவர் மறுத்தது, மகாராஜா சொன்னபின் சேர்த்துக்கொண்டது, அந்த அம்மாள் கடைசியில் ப்யூனஸ் ஐரிஸில் குடியேறி 2002இல் 102 வயதில் காலமானது எல்லாம் ரசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இவருடைய பாட்டி அந்த அம்மாளிடம் கற்றவராம். பதிலுக்குச் சொல்ல என்னிடம் இருந்தது மந்தைவெளி பஸ் டெப்போ விவரம்தான்.

மோர் முடிந்து எழவேண்டிய கட்டம் வந்தது. வலது கை எச்சில் கை, ஊன்ற முடியாது. இடது கையால் ஃப்ரிட்ஜைப் பிடித்தேன். கதவு திறந்துகொண்டது. இட்லி மாவுத் தூக்குவாளியும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம்.

"கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96 வயதில் இடுப்பு முறிந்ததாம். ஆபரேஷன் வேண்டாம் என்று படுத்தபடியே செய்யத் தனக்குத்தானே பயிற்சி வகுத்துக்கொண்டாராம்" என்றார் அவர், ஆறுதலாக.

"அவருக்கு ஃப்ரிட்ஜ் கதவு கிடைத்திருக்காது" என்றாள் மனைவி.

அதோடு விட்டிருக்கலாம். ஆசனத்துக்காக ஆளை வளைப்பதில்லை, ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றுவதுதான் யோக மந்திரத்தின் வழி என்று அவர் விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாமாம்: கையைத் தூக்கும்போது மூச்சை இழு, இறக்கும்போது விடு. 'என் உடம்பு வளையாது' என்று இத்தனை காலம் கட்டிக்காத்த சாக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் போயிற்று.

மறுநாள் இரண்டு பெண்மணிகளும் சேர்ந்து யோக மந்திரத்துக்குப் போய் எனக்கு விண்ணப்பம் வாங்கிவந்தார்கள். உடல் உபாதைகளை எழுத அதில் இரண்டு வரி விட்டிருந்தது. மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில், "ஏங்க, ஒரு முழு வெள்ளைத்தாள் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றாள்.