ஆர்எக்ஸ் 100: மூலபாடமும் இடைச்செருகல்களும்

மூலபாடம் எது, பாடபேதம் எது, பின்னால் வந்தவர் நைசாக நுழைத்த இடைச்செருகல் எது என்று பிரித்தறிவதில் தமிழ்ப் புலவர்கள் ஆயுளைக் கழித்திருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிய பிறகே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அந்தக் கூர்மையில் நூற்றில் ஒரு பங்குகூட யமஹா ஆர்எக்ஸ் 100 என்னும் பனுவலின்மீது செலுத்தப்பட்டதில்லை. இக்குறையைக் களைய இக்கட்டுரை முற்படுகிறது.

முதலில் நூல் வரலாறு. இயற்றியது ஜப்பான். இந்திய வெளியீடு, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டில், 1985. நிறுத்தப்பட்டது 1996. அளவு 98 சிசி, ஆற்றல் 11 குதிரைத்திறன். பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ.; எதுகை தப்பாத அமைப்பு. தொடக்கத்தில் உதிரிகள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. இந்த முதற்பதிப்பைப் பற்றி அறிஞரிடையே பெரும் குழப்பம் நிலவுகிறது. 1994ஆம் ஆண்டு ஆர்சி புத்தகத்தை நீட்டுபவரும் “சார், இன்ஜின் ஜப்பான்” என்றே சாதிக்கிறார். நூலின் காலத்தை முன்னே தள்ளிக்கொண்டு போகும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதல்ல என்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

உதிரிகளின் பிரதிகள் கிடைக்குமிடம் சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். கடைக்காரர்கள் அவற்றைக் கம்பெனி, கம்பெனி மாதிரி, ஃபர்ஸ்ட் குவாலிட்டி, சாதா என வகுப்பர். நான்கும் ஒரே அலமாரியிலிருந்து எடுக்கப்படுவதைக் களப்பணியில் காண நேர்ந்தது. வகைப்பாடு வாங்குபவரின் முகத்தை ஒட்டியது போலும். அட்டைப்பெட்டியும் ஹாலோகிராமும் எவ்வளவு மினுமினுக்கின்றனவோ அவ்வளவுக்கு உள்ளிருக்கும் உலோகத்தை ஐயுற வேண்டும் என்பதும் அங்கே கற்றதே. இதிலிருந்து பிறப்பது இக்கட்டுரையின் கருதுகோள்: பிரதி செய்பவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே படியெடுக்கிறார், இந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியோ கண்ணுக்குத் தெரியாததில் ஓடுகிறது.

பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். நல்ல பிஸ்டன் உருண்டை அல்ல. மேலிருந்து நோக்கின் மயிரிழை அளவுக்கு நீள்வட்டம். பக்கவாட்டில் தலைப்பக்கம் சற்றே ஒடுங்கி இருக்கும். நெருப்பை வாங்குவது தலை, அதிகம் விரிவதும் அதுவே. சூடேறிய பிறகுதான் உருவம் ஒழுங்குக்கு வருகிறது. சில பிரதியாளர்கள் ஜப்பான்காரன் செய்த இந்தப் ‘பிழை’யைத் திருத்தி, அப்பழுக்கற்ற உருளையாகக் கடைந்து அனுப்பிவிடுகிறார்கள். பொருள் விளங்காத சொல்லை அழித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த சொல்லை எழுதிவைத்த ஏட்டெழுத்தாளர் செய்ததும் இதுவே. உலோகத்திலும் சங்கதி உண்டு. அளவாகச் சிலிக்கன் கலந்த அலுமினியம் அடக்கமாக விரியும். பழைய பாத்திரத்தை உருக்கி வார்த்தது தாராளமாக விரியும். திண்டிவனம் தாண்டுவதற்குள் சிலிண்டர் பிளாக்கைக் கவ்விக்கொள்ளும்.

பிளாக்கின் சுவரில் இருக்கும் போர்ட்டுகள் இன்னும் நுட்பமானவை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் வால்வுகளும் கேம்ஷாஃப்ட்டும் பார்க்கும் வேலையை இங்கே ஓட்டைகளும் பிஸ்டனும் பார்க்கின்றன. எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை ஓட்டையின் உயரமே தீர்மானிக்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட் ஒரு மில்லிமீட்டர் ஏறிப்போனால் கீழ்வேகத்தில் இழுவை செத்துவிடும். இறங்கிப்போனால் வண்டி மேல்வேகத்துக்கு ஏறாது. விளிம்பை மழுக்காமல் விட்டால் ரிங் அதில் சிக்கி முறியும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபின்கள் எல்லாம் சரியாக எண்ணிக்கை மாறாமல் இருக்கும்.

அடுத்தது ஆயில் சீல். பெட்ரோலும் காற்றும் கலந்தது முதலில் நுழைவது கிராங்க் அறைக்குள். பிஸ்டன் இறங்கி அமுக்கிய பிறகே அது மேலே போகிறது. அந்த அறைக்கு இரு பக்கமும் காவல் நிற்பவை மலிவான இரண்டு ரப்பர் வளையங்கள். மட்ட ரப்பர் சூட்டில் இறுகும். மேக்னட் பக்கத்துச் சீல் விட்டால் வெளிக்காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, இன்ஜின் ஜாம் ஆகும். கிளட்ச் பக்கத்துச் சீல் விட்டால் கியர் ஆயிலைக் குடித்துத் தெருவையே வெண்புகையில் ஆழ்த்தும். இரண்டுக்கும் மெக்கானிக் கார்பரேட்டரைத்தான் கழற்றுவார்.

சைலன்சருக்குத் தனி நூலே வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடென் 1950களில் ஆராய்ந்தது இதைத்தான்: வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயின் கூம்பில் மோதித் திரும்பி, தப்பியோடும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அலை திரும்பும் நேரம் குழாயின் நீளத்தையும் உள்ளே இருக்கும் சரிவுகளையும் பொறுத்தது. பிரதி சைலன்சரோ வெளியே அச்சு அசல், உள்ளே வெறும் குழாய். சத்தம் கூடுவதை ஓட்டுபவர் வேகம் கூடியதாகக் கொள்கிறார்.

மட்கார்டுக் குரோம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அடியில் நிக்கல் பூச்சு ஒழுங்காக இல்லாவிட்டால் துருவேற ஒரு ஐப்பசி போதும்.

இங்கே எதிர்வாதி ஒருவர் எழுவார்: படியெடுப்பதே குற்றம் என்கிறீரா? இல்லை. யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1, ஜெர்மானிய டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியைப் பார்த்துச் செய்யப்பட்டது. பிரிட்டனின் பிஎஸ்ஏ பேண்டம், அமெரிக்காவின் ஒரு ஹார்லி, சோவியத் நாட்டின் ஒரு வண்டி என அந்த மூலத்துக்குப் பிரதிகள் ஏராளம். நம்மூர் ராஜ்தூத் 175-உம் போலந்தின் எஸ்எச்எல் வண்டியிலிருந்து வந்ததே. ஆனால் ஒய்ஏ-1 வெளிவந்த 1955ஆம் ஆண்டிலேயே ஃபுஜி மலையேற்றப் பந்தயத்தில் வென்றது. ஜப்பான்காரர்கள் ஏட்டைப் பொருள் புரிந்து படித்தவர்கள். ஜி.பி. ரோட்டுக்குச் சரக்கு அனுப்புபவர்களில் பலர் எழுத்தின் வடிவத்தைப் பார்த்து வரைந்தவர்கள். என் புகார் அவ்வளவே.

ஆகவே இவ்வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். பிளாக் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னதும் பளபளப்பான புதுசுக்கு ஓட வேண்டாம். பழையதை அவர் பட்டறையிலேயே விட்டுவிட்டும் வர வேண்டாம். 0.25 மி.மீ. படிகளாகப் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட இடம் இருக்கும்வரை போர்ட்டுகள் ஜப்பான் வைத்த உயரத்திலேயே இருக்கும். கடைசி சைஸும் முடிந்துவிட்டால், ஸ்லீவ் இறக்கத் தெரிந்த லேத்காரரிடம் அதே பிளாக்கைக் கொடுங்கள். பழைய ஸ்லீவை உருவுவதற்கு முன் போர்ட் உயரங்களை அளந்து எழுதிக்கொள்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.