வாஷர் மாகாத்மியம்

தலை நரைத்துப் பேரனையும் கண்ட கிருகஸ்தன் வானப்பிரஸ்தம் போக வேண்டும் என்று சாஸ்திரம் விதித்தபோது, அந்த வனம் அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் இருக்கும் என்றோ, அங்கே அழைத்துப் போகிறவர் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு ஐந்து ஏக்கர் காடு வாங்கிய மாப்பிள்ளையாக இருப்பார் என்றோ எந்த ரிஷியும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. மின்சாரக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் எட்டிப் பாராத அந்த வனத்தில், ஒரு வட்டக் கூடாரத்தில், நானும் என் மனைவியும் மகள் குடும்பத்தோடு மூன்று வருஷம் வாசம் செய்தோம்.

யர்ட் என்று அதற்குப் பெயர். மங்கோலியர் கெர் என்பார்கள். 1962-இல் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையில் வந்த மங்கோலியக் கட்டுரையைக் கண்டு வில்லியம் காப்பர்த்வெய்ட் என்ற ஆசிரியருக்குப் பிறந்த மோகம்தான் அமெரிக்காவில் இந்த வீடு பரவியதற்கு ஒரு முக்கிய காரணம் என்பதை, பத்திரிகைக்குக் கட்டுரை எழுதும் என்போன்றவர்கள் சற்றுப் பயத்தோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மடக்குக் கேட்டைப் போல விரிந்து சுருங்கும் மரச்சட்டப் பின்னல்தான் சுவர். குடைக்கம்பிகள் போல அதிலிருந்து சரிந்தேறும் கழிகள் உச்சியில் ஒரு வளையத்தில் போய் முட்டி நிற்கும். சட்டங்கள் குறுக்கிடும் இடங்களை மங்கோலியர் தோல்வாரால் முடிந்துவிடுவார்கள், நட்டுமில்லை, போல்ட்டுமில்லை, புல் தீர்ந்ததும் வீட்டைப் பிரித்து ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடுவார்கள். இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2013-இல் தன் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்திருக்கிறது. என் மாப்பிள்ளையிடம் ஒட்டகமும் இல்லை, தோல்வாரும் இல்லை. ஆகையால் போல்ட்டு வாங்கினார், வாஷர் வாங்கவில்லை.

வாங்காததற்குக் கருமித்தனம் காரணமல்ல, கணக்கே காரணம். குறுக்கிடும் இடங்கள் ஐந்நூறு. இடத்துக்கு இரண்டாக ஆயிரம் வாஷர். ஊர்க்கடையில் ஒன்று பதினைந்து சென்ட். "நடுவில் ஓட்டை போட்டு, இருந்த இரும்பிலும் பாதியை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு விலை சொல்கிறான் மாமா!" என்று அவர் பொருமினார். ஆனால் போல்ட்டின் தலை சிறியது, அதன் பலமோ பெரியது. இந்த இரண்டுக்கும் இடையில் மத்தியஸ்தனாக நின்று, பாரத்தை அகலப் பரப்பி மரத்தைக் காப்பாற்றுகிறவன் வாஷர் என்ற உண்மையை முதல் புயற்காற்றே எங்களுக்கு உபதேசித்துவிட்டது. களிமண்ணில் கட்டைவிரல் இறங்குவது போலப் போல்ட்டுத் தலைகள் மரத்துக்குள் இறங்க, இரவு முழுவதும் வீடு கிழவனின் முழங்காலைப் போல முனகியது.

மறுநாள் கடைக்காரர், நம் ஊரில் மட்கார்டு வாஷர் என்று சொல்லும் அகலமான ஜாதியோடு, பிளந்து முறுக்கிய ஸ்பிரிங் வாஷரையும் சிபாரிசு செய்தார். முழுக்க இறுக்கியபின் அதுவும் வெறும் தட்டை வாஷர்தான், நட்டைத் தளராமல் பிடிக்கும் சக்தி அதற்குக் கிடையாது என்று நாஸாவின் 1990-ஆம் வருஷக் கையேடு எழுதியிருப்பதை மாப்பிள்ளை எடுத்துக் காட்டினார். கடைக்காரர் அதற்கும் விலையைக் குறைக்கவில்லை.

இதற்கிடையில், மூலையே இல்லாத வீட்டில் வாழ்வதன் கஷ்டநஷ்டங்களை என் மனைவி ஆராய்ந்து கொண்டிருந்தாள். சுவாமி படத்துக்கு ஈசானிய மூலை இல்லை. அடுப்புக்கு அக்கினி மூலை இல்லை. பீரோவைச் சுவரோடு ஒட்டினால் பின்னால் ஒரு சந்து விழுந்து அதில் எலி குடும்பம் நடத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணவனோடு கோபித்துக்கொண்டு போய் உட்கார ஓர் இடம் இல்லை. விறகடுப்பின் சூடு நேரே உச்சிக்கு ஏறிவிடுவதால் தலை சித்திரையிலும் கால் மார்கழியிலும் வசித்தன. கார்த்திகை பிறந்தால் சூரியன் அந்தப் பிரதேசத்தில் வாரக்கணக்காக அஞ்ஞாதவாசம் போய்விடுவான், அவனோடு எங்கள் மின்சாரமும் போய்விடும்; ஆகவே கிரைண்டரில் இட்லிக்கு அரைப்பதற்கு முன், பஞ்சாங்கத்தில் ராகுகாலம் பார்ப்பதைப் போல, அவள் பாட்டரி மீட்டரைப் பார்ப்பாள். கக்கூஸில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள் என்பதோடு அந்த விருத்தாந்தத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

பக்கத்துக் காட்டுவாசியான வெள்ளைக்காரக் கிழவர்தான் வாஷர் பிரச்சினைக்கு வழி காட்டினார். பதினைந்து சென்ட் கொடுத்து வாஷர் வாங்குவானேன்? ஒரு சென்ட் நாணயத்தையே நடுவில் துளைத்தால் வாஷர்! மோசடி நோக்கமில்லாமல் நாணயத்தைத் துளைப்பது அங்கே குற்றமுமல்ல. ஒரு சென்ட்டை அடிக்க மூன்று சென்ட்டுக்கு மேல் செலவழித்து, கடைசியில் 2025 நவம்பரில் பிலடெல்பியா நாணயசாலையில் புழக்கத்துக்கான சென்ட்டுக்கு மங்களம் பாடிய அந்தச் சர்க்காருக்கு, தான் நஷ்டத்தில் வாஷர் உற்பத்தி செய்துவந்தது தெரியுமோ, தெரியாதோ! மாப்பிள்ளை பரம உற்சாகத்தோடு உண்டியலை உடைத்து, வாசற்படியின் கைப்பிடி முழுவதையும் சென்ட்டிலுள்ள லிங்கன் துரையின் முகத்தில் ஓட்டை போட்டே பொருத்தினார்.

கிழவர் சொல்ல மறந்தது ஒன்று உண்டு. 1982-இல் சென்ட்டின் ஜாதியே மாறிவிட்டது. அதற்கு முன் பெரும்பாலும் செம்பு, அதன்பின் உள்ளே துத்தநாகம், மேலே செம்பு முலாம். துளைத்த இடத்தில் முலாம் போய்விட, ஆரிகன் மழை உள்ளே புகுந்து துத்தநாகத்தை அரித்துத் தின்றது. இரண்டு மழைக்காலம் கழிந்த ஒரு காலை, காப்பி டம்ளரோடு நான் கைப்பிடியில் சாய்ந்து இயற்கையை ரசிக்க முற்பட்டபோது, கைப்பிடியும் நானும் டம்ளரும் ஏககாலத்தில் இயற்கையோடு கலந்தோம்.

சேற்றிலிருந்து என்னை எடுத்து நிறுத்தியபின், என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தன் பாட்டி நூலில் கோத்து வைத்திருந்த ஓட்டைக் காலணாக்களைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தாள். யுத்தகாலத்து உலோகப் பஞ்சத்தில், 1943 முதல், நடு வெண்கலத்தை மிச்சம் பிடித்துச் சர்க்காரே ஓட்டை போட்டு அடித்தவை. உள்ளும் புறமும் ஒரே உலோகம். போல்ட்டு அதில் புகுந்து, சம்பந்தம் பேசி முடித்தாற்போல, கச்சிதமாக உட்கார்ந்தது.

கிழவர் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதிலுள்ள கிரீடத்தை வெகுநேரம் பார்த்தார். இதன் மதிப்பு என்ன என்று கேட்டார். ரூபாய்க்கு அறுபத்துநாலு என்றேன். ரூபாய்க்கு இன்று எத்தனை சென்ட் என்று கேட்டு, ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் கணக்குப் போட்டு, சென்ட்டுக்கு ஐம்பதுக்கு மேல் விழுகிறது என்று கண்டதும் அவருடைய முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து, அந்தக் கடை எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்தார்.