முதல் செந்தோசாப் பயணம்: ஆயத்த முறைகள்

பட்டாசு ஊரான ஏழாயிரம்பண்ணையின் குழந்தையைச் சிங்கப்பூர் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் ஆயத்தம் பாஸ்போர்ட்டில் தொடங்குகிறது. நான்கு வயது நிரம்பாத விண்ணப்பதாரருக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம் வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இதை நேர்மாறாகவே புரிந்துகொள்கின்றன.

அடுத்தது உயரம். பூங்காவில் நான்கு வயதுக்குக் கீழ் நுழைவு இலவசம். ஆனால் அங்குள்ள மம்மி ரோலர் கோஸ்டர் ரயிலில் ஏற 122 செ.மீ. வேண்டும். இரண்டு தகுதியும் ஒருசேர அமைந்த குழந்தையை இயற்கை இன்னும் படைக்கவில்லை. ஆயினும் வாரந்தோறும் அளவு எடுக்கப்படுகிறது: நிலைக்கதவில் பென்சில் கோடு, குதிகாலைத் தரையில் அழுத்திப் பிடிக்கும் தாத்தா, கொண்டையையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லும் அம்மாச்சி.

ஒத்திகைக்கு இருக்கன்குடித் திருவிழா ராட்டினம் போதுமானது. அங்கே உயரம் கேட்பதில்லை, சில்லறைதான் கேட்பார்கள்.

மூட்டை கட்டுவதில் சாத்தூர் காராச்சேவு முதலிடம் பெறும். பூங்காவுக்குள் வெளித்தின்பண்டம் அனுமதியில்லை என்பதால் அது விடுதி அறையிலேயே தீர்ந்துவிடும். பட்டாசு விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கூடாது; சிங்கப்பூரிலோ 1972 முதல் வெடிக்கவே தடை. பட்டாசு ஊர்க் குழந்தையின் கால்சட்டைப் பையில் ரோல் கேப் கிடப்பது இயல்பு. ஆகவே புறப்படுமுன் எல்லாப் பைகளையும் உதறிப் பார்ப்பதோடு ஆயத்தம் நிறைவடைகிறது, அப்பாவின் பை உட்பட.